இரவில் மீன் தொட்டிக்கு மங்கலான வெளிச்சம்: வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மழைத்தூறல் (மஸ்கெலியா)

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறு ரோசி பார்ப், ஒன்பது சீப்ரா டேனியோ வளர்த்தோம். சீப்ரா இப்போது எட்டுத்தான். அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

எங்களுடையது லயத்து வீடு. தொட்டி இருப்பதும் நாங்கள் படுப்பதும் ஒரே அறையில். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலிங் பகுதியில் வேலை செய்கிறார். பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, அதை அரைக்கும் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும் என்பதால் இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார். டியூப் லைட்டைப் போட்ட நொடியிலேயே தொட்டிக்குள் மீன்கள் கண்மண் தெரியாமல் ஓடுகின்றன. அவை கண்ணாடியில் மோதுகிற சத்தத்தில்தான் நான் விழிக்கிறேன். போன வியாழக்கிழமை காலையில் ஒரு சீப்ரா, மா மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்துபோய்க் கிடந்தது. காற்றுக்குழாய் போவதற்காக மூடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தோம். அதன் வழியாகத் துள்ளியிருக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகுமுன் மீன்களை எண்ணிவிட்டுத்தான் போவாள். அன்று மூன்று முறை எண்ணினாள்.

இரவு முழுவதும் நிலா வெளிச்சம் மாதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தால் இப்படித் திடுக்கிடாது என்று ஒருவர் சொன்னார். வெசாக்குக்கு வாங்கிய நீலச் சீரியல் பல்புச் சரம் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை மூடிக்கு அடியில் ஒட்டிவிடலாமா?


பழைய வயர்மன் (அட்டன்)

தங்கச்சி, அந்தச் சரத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

வெசாக், தீபாவளிச் சரங்களில் பெரும்பாலானவை 230 வோல்ட்டில் நேரடியாக எரிபவை. பல்புகளைத் தொடராகக் கோத்திருப்பதால் ஒவ்வொரு பல்புக்கும் சில வோல்ட்தான் போகிறது, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கம்பியின் தோல் எங்காவது கிழிந்து தண்ணீரில் பட்டால், ஈரத்தரையில் நின்று தொட்டிக்குள் கைவிடுகிறவருக்கு முழு 230 வோல்ட்டும் கிடைக்கலாம். மூடிக்கு அடிப்பக்கம் எப்போதும் நீர்த்துளி தொங்கும் இடம். நம் மலைப்பக்கத்துக் குளிரில் தொட்டி நீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் கண்ணாடி வியர்த்து வடியும். அந்த மெல்லிய கம்பிகள் அங்கே ஒரு மாதம்கூடத் தாங்காது.

எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்த 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைத் தொட்டி விளக்குக்கு வைத்திருந்தேன். 12 வோல்ட்தானே என்று கவலைப்படவில்லை. ஒருநாள் இலைக் குப்பையை அள்ளக் கைவிட்டபோது விரல் நுனியில் சுருக்கென்றது. அடாப்டரைப் பிரித்துப் பார்த்தால், மின்சாரம் வரும் பக்கத்தையும் 12 வோல்ட் போகும் பக்கத்தையும் பிரிக்க வேண்டிய காப்பு கருகிப் போயிருந்தது. முப்பது வருடம் வயரிங் வேலை செய்தவனுக்கே அப்படி.

உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச், அதாவது மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா? இருந்தால் அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் வீடு முழுவதும் மின்சாரம் நிற்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.


மழைத்தூறல் (மஸ்கெலியா)

ஐயா, சரத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது. ஆனால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.


பழைய வயர்மன் (அட்டன்)

அப்படியானால் அது வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மீன் தொட்டியை விடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது. வெளிச்சத்துக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை முதலில் அதற்குப் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற வகைதான் வீட்டுக்கு வேண்டும். தகுதியுள்ள ஒருவரை வைத்து மாற்றுங்கள், நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். மாற்றிய பிறகு மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.


ஊவாக்காற்று (பண்டாரவளை)

விஞ்ஞானம் கற்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மேலே ஐயா சொன்னதைச் செய்து முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

தேவையானவை: நல்ல நிலையில் உள்ள 5 வோல்ட் கைபேசி சார்ஜர், வேறெதற்கும் உதவாத ஒரு யு.எஸ்.பி. கம்பி, 5 மில்லிமீற்றர் நீல எல்.ஈ.டி. ஒன்று, தடையி ஒன்று. நம் பாடப்புத்தகத்தில் ஒளிகாலும் இருவாயி என்று வருவதுதான் எல்.ஈ.டி. கடையில் எல்.ஈ.டி., ரெசிஸ்டர் என்றே கேளுங்கள். அட்டனில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கை நிறையக் கிடைக்கும்.

நீல எல்.ஈ.டி. ஒளிர ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். நீல ஒளித்துகளின் சக்தி கூடுதல், அதனால் அதை உண்டாக்க வேண்டிய மின்னழுத்தமும் கூடுதல். நீல எல்.ஈ.டி.யைச் செய்து முடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் அதற்காகவே 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே பொருள் சில ரூபாய்க்கு நம் கையில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

கணக்கு எளிது. 5 வோல்ட்டிலிருந்து 3.2ஐக் கழித்தால் 1.8 மிச்சம். அந்த 1.8 வோல்ட்டைத் தடையி தாங்க வேண்டும். 1000 ஓம் தடையி போட்டால் 1.8 மில்லி ஆம்பியர் ஓடும். இந்த எல்.ஈ.டி. 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும், ஆனால் நமக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. தடையி இல்லாமல் மட்டும் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள், எரிந்துவிடும்.

யு.எஸ்.பி. கம்பியை வெட்டினால் உள்ளே பெரும்பாலும் நான்கு நூல்கள் இருக்கும். சிவப்பு நேர்முனை, கறுப்பு மறைமுனை. பச்சையும் வெள்ளையும் நமக்கு வேண்டாம், தனித்தனியே டேப் சுற்றிவிடுங்கள். எல்.ஈ.டி.யின் நீளமான கால் நேர்முனைக்கு. எந்தக் காலில் தடையியைச் சேர்த்தாலும் சரிதான்.


பழைய வயர்மன் (அட்டன்)

சேர் சொன்ன கணக்கு சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, விளக்கை மூடிக்குள் வைக்க வேண்டாம். கண்ணாடி மூடியின் மேலே, வெளிப்புறம் வைத்து ஒளியைக் கீழே விழவிடுங்கள். உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் தொட்டி ஒட்டுகிற சிலிக்கோனால் கால் வரை மூடி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு வையுங்கள். சூடாக்கி ஒட்டும் பசை ஈரத்தில் கழன்றுவிடும். மூடாத செம்புக் கம்பி தண்ணீரில் கிடந்தால் 5 வோல்ட்டிலும் அரிக்கும். நுனியில் பச்சையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செம்பு நீரில் கரைந்தால் இறால், நத்தை வளர்ப்பவர்களுக்குப் பெரிய நட்டம்.

இரண்டாவது, கம்பி பிளக்குக்குப் போகும் வழியில் ஒருமுறை பிளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். கம்பி வழியே வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. இந்த ஒரு வளைவு எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.


தடையி (தலவாக்கலை)

அக்கா, நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் தொட்டிக்கு நானே செய்தேன். மின்சாரத்தை நிறுத்தியதும் எல்.ஈ.டி. படாரென்று அணையாமல் மெல்ல மங்கி அணைவதற்கு ஒரு கொள்ளளவி (கெப்பாசிட்டர்) சேர்த்தேன். 4700 மைக்ரோபரட். எல்.ஈ.டி.யும் தடையியும் சேர்ந்த தொடருக்குச் சமாந்தரமாக இணைக்க வேண்டும். சார்ஜர் பக்கம் மின்னோட்டம் திரும்பிப் போகாமல் இருக்க முன்னால் ஒரு சாதாரண இருவாயி (டயோட்). 4700 ஓம் தடையியோடு ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு மேல் மங்கிக்கொண்டே போகிறது. கொள்ளளவிக்கு நேர், மறை முனைகள் உண்டு, மாற்றிப் போட்டால் வெடிக்கலாம். கவனம்.

இன்னொன்று. மீன்களுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு எல்.ஈ.டி. போட்டால் அவற்றுக்கு இருட்டாகவே இருக்கும், நாம் மட்டும் பார்க்கலாம் என்று படித்தேன். அக்கா சிவப்பே போடலாமே?


ஊவாக்காற்று (பண்டாரவளை)

தம்பி, கொள்ளளவி யோசனை அருமை. சிவப்பைப் பற்றிய செய்தி மட்டும் சரியில்லை. ஆழ்கடல் மீன்கள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்பது உண்மை, சிவப்பு ஒளி அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. ஆனால் நாம் வளர்ப்பவை ஆழமில்லாத ஓடை மீன்கள். தங்கமீனின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் நான்கு வகை உண்டு, நமக்கு மூன்றுதான். சிவப்பையும் அது பார்க்கும், நமக்குத் தெரியாத புற ஊதாவையும் பார்க்கும். சீப்ரா டேனியோவும் அப்படித்தான். ஆகவே எந்த நிறமானாலும் மங்கலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நிலா வெளிச்சம் நீலம் என்பதும் நம் கண்ணின் வேலை. நிலவொளியை அளந்து பார்த்தால் சூரிய ஒளியைவிடச் சற்றுச் சிவப்புப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் நீலத்துக்குக் கூடுதலாக உணர்வு கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பூர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் விவரித்த விளைவு இது. நீலம் அழகாக இருக்கிறது என்பதற்காகப் போடலாம், இயற்கை என்பதற்காக அல்ல.


கடல்தொட்டி (ஊர் பதுளை, வேலை கொழும்பில்)

நிலா விளக்கு என்ற பழக்கமே கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்தது. பவளங்களில் பல வகை, பௌர்ணமியை ஒட்டிய குறிப்பிட்ட இரவுகளில் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அதனால் பவளம் வளர்ப்பவர்கள் நிலா வளர்வதையும் தேய்வதையும் போல ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளை வைத்துக்கொள்கிறார்கள். சீப்ராவுக்கும் பார்புக்கும் அந்தத் தேவை இல்லை.


சிற்றோடை (கினிகத்தேனை)

எல்லோரும் எப்படிச் செய்வது என்று சொல்கிறீர்கள். எதற்காக இரவு முழுவதும் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. களனி கங்கைக்குப் போய்ச் சேரும் தண்ணீர். சின்ன வயதில் அங்கேதான் பிளாக் ரூபி பார்பை முதன்முதலில் பார்த்தேன். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன். பருவ காலத்தில் ஆண் மீனின் முன்பாதி மாதுளை முத்துப்போலச் சிவந்து, பின்பாதி கரியாக மாறும். அது வாழும் இடம் எது தெரியுமா? மரங்கள் கவிந்த, நடுப்பகலிலும் அரையிருட்டான ஓடை. ஒரு போயா (பௌர்ணமி) இரவில் டோர்ச் இல்லாமல் அங்கே போய் நின்றேன். வெளியே பாதையில் என் நிழல் விழுகிற அளவுக்கு நிலா. ஓடைக்குள் என் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த இருட்டில்தான் அந்த மீன் காலம் காலமாக உறங்குகிறது.

மீனுக்கு இமை கிடையாது. நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம், போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளலாம். மீனால் அது முடியாது. அதோடு கண்ணால் மட்டும் அது வெளிச்சத்தை உணர்வதில்லை. மூளையின் மேல்பக்கம் உள்ள கூம்புச் சுரப்பி, மெல்லிய மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை நேரடியாக உணர்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கும் மெலட்டோனினைச் சுரப்பது அதுதான். ஐரோப்பியப் பேர்ச் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், இரவில் 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே அந்தச் சுரப்பைக் குறைத்துவிட்டது. 1 லக்ஸ் என்பது நாம் இருட்டு என்று சொல்கிற அளவு.

சீப்ரா டேனியோவுக்கு இன்னும் நல்ல சான்று இருக்கிறது. உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் மீன் அது. அங்கே 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்பது வழக்கமான ஏற்பாடு. அந்தப் பத்து மணி நேரத்தை உங்கள் வீட்டு மீனுக்கும் கொடுங்கள். அது திடுக்கிட்டது இருட்டினால் அல்ல. இருட்டிலிருந்து ஒரே நொடியில் பட்டப்பகலுக்குத் தள்ளப்பட்டதனால்.


பனிப்பூ (நுவரெலியா)

சிற்றோடை சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் உடன்படவில்லை. இரவு வெளிச்சம் தேவைப்படுகிற நேரமும் உண்டு.

நான் ஏஞ்சல் மீன் இனப்பெருக்கம் செய்கிறேன். முட்டை வைத்த இணை, இரவும் பகலும் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். முழு இருட்டாக்கினால் முட்டை இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரியாமல் போகிறது, காலையில் பார்த்தால் முட்டையும் இருக்காது. மூன்று முறை இழந்த பிறகுதான் ஒரு சிறு வெளிச்சத்தை விட்டுவைக்கத் தொடங்கினேன். குஞ்சு நீந்தத் தொடங்கும் வரைதான். ஃபைட்டர் ஆண் நுரைக்கூட்டைக் காக்கும் நாட்களிலும் பலர் இப்படிச் செய்கிறார்கள். கீழே விழும் குஞ்சை அது பார்த்து எடுத்துக் கூட்டில் வைக்க வேண்டுமே.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி பிடிக்கிற ஊர். நான் சின்னவளாக இருந்தபோது அப்பா 40 வாட் குண்டு மின்குமிழைத் தொட்டி மேல் இரவெல்லாம் எரியவிடுவார். வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. இன்றும் சிலர் எல்.ஈ.டி. போட்டால் குளிருக்கு உதவும் என்று நினைக்கிறார்கள். இந்த எல்.ஈ.டி.யிலிருந்து தண்ணீருக்குச் சூடு எதுவும் கிடைக்காது. வெப்பமாக்கி தனி, வெளிச்சம் தனி. விளக்கு மாட்டுவதற்காக மூடியை அரைகுறையாகத் திறந்து வைத்தால், இருக்கிற சூடும் இரவோடு போய்விடும். மழைத்தூறல், உங்கள் ரோசி பார்பும் சீப்ராவும் கொஞ்சம் குளிர் தாங்கும். அந்த வகையில் நல்ல தேர்வு.


ஊவாக்காற்று (பண்டாரவளை)

நான் எழுதியதில் ஒரு திருத்தம். 1000 ஓம் என்று தயங்காமல் சொல்லிவிட்டேன். சிற்றோடை எழுதியதைப் படித்த பிறகு நேற்றிரவு என் தொட்டி முன் உட்கார்ந்து பார்த்தேன். அதில் வரும் வெளிச்சம் கூடுதல்தான்.

தெளிந்த வானில் முழு நிலவு உச்சத்தில் நிற்கும்போதும் தரையில் விழுவது 0.3 லக்ஸ் அளவே. விளக்கெரிகிற வரவேற்பறையில் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஒளிமானி நம்மிடம் இல்லை, ஆனால் கை இருக்கிறது. போயா இரவில் மேகமில்லாத நேரம் வாசலில் நின்று உள்ளங்கையைப் பாருங்கள். விரல்கள் தெரியும், ரேகை சரியாகத் தெரியாது. பிறகு வீட்டுக்குள் எல்லா விளக்கையும் அணைத்துப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கி, தொட்டியின் இரவு விளக்குக்கு அடியில் அதே கையை நீட்டுங்கள். ரேகை தெரிந்தால் வெளிச்சம் கூடுதல், தடையியின் ஓம் அளவைக் கூட்ட வேண்டும்.


மழைத்தூறல் (மஸ்கெலியா)

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ட்ரிப் சுவிட்ச் மாற்றியாகிவிட்டது. பொத்தானை அழுத்தியதும் வீடே இருண்டது. வந்தவர் பார்த்ததும், பழையது உள்ளே துருவேறி இறுகிப்போயிருந்ததாகச் சொன்னார். ஐயாவுக்கு என் கணவரும் நன்றி சொல்லச் சொன்னார்.

எல்.ஈ.டி.யை ஒரு பழைய யோகட் கோப்பையின் அடியில் துளையிட்டுப் பொருத்தி, மூடிக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்தேன். மூன்று தடையிகள் வாங்கியிருந்தேன். முதல் இரவு 220 ஓம். தொட்டி முழுவதும் நீலமாகி மிக அழகாக இருந்தது, மகள் கைதட்டினாள். நடுநிசி தாண்டியும் சீப்ராக்கள் மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் தீனி போட்டபோது மந்தமாக வந்தன. அழகுக்கும் அவற்றின் உறக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இரண்டு நாள் கழித்து 1000 ஓம். ரோசி பார்ப் அடங்கின. சீப்ரா பாதி அடங்கின.

பிறகு 4700 ஓம். விளக்கை அணைத்த உடனே எதுவும் தெரியவில்லை, எல்.ஈ.டி. எரியவில்லையோ என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கல் தெரிந்தது, பிறகு பாசிச் செடியின் விளிம்பு, பிறகு மீன்கள். சீப்ராக்கள் செடிக்குள், தலை சற்றுக் கீழே சாய்ந்து, அசையாமல் நின்றன. பக்கத்துக் கோடுகள் ஏறக்குறைய மறைந்து உடம்பு வெளிறியிருந்தது. வாய் மட்டும் மெல்லத் திறந்து மூடியது. மூன்று வருடமாக வளர்க்கிறேன், அவை உறங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வெளிறிய நிறம் நோயா?


பனிப்பூ (நுவரெலியா)

நோய் இல்லை. பல மீன்கள் இரவில் நிறம் மங்கும். நியோன் டெட்ராவின் நீலக்கோடு இருட்டில் காணாமலே போய்விடும். காலையில் வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் திரும்பிவிடும். திரும்பாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.


சிற்றோடை (கினிகத்தேனை)

நீங்கள் பொறுமையாக இருந்து பார்த்தது மிகவும் மகிழ்ச்சி. இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் கணவர் எழுவது இரண்டு மணிக்கு. ஒன்றரை மணி வரை முழு இருட்டு இருக்கட்டும். ஒன்றரைக்கு இந்தச் சிறு வெளிச்சம் தானாக எரியட்டும். அவர் எழும்போது மீன்கள் ஏற்கெனவே அரைவிழிப்பில் இருக்கும். பிளக்கில் சொருகுகிற டைமர் ஒன்று போதும்.


பழைய வயர்மன் (அட்டன்)

சுற்றுகிற வட்டு உள்ள டைமர், கால் மணிக்கு ஒரு பல் என்று இருக்கும். மலிவு, நம்பலாம். ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்தடை வந்தால் டைமர் இரண்டு மணி நேரம் பிந்திவிடும். ஒவ்வொரு தடைக்குப் பிறகும் திருப்பி நேரம் வையுங்கள்.


தடையி (தலவாக்கலை)

மின்தடை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தினார்களே, அப்போது எங்கள் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரவில் செடிகளும் ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால் விடியுமுன் நிலைமை மிக மோசமாக இருந்தது. அப்பாவும் நானும் மாறி மாறிக் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம்.

பிறகு யு.எஸ்.பி. காற்றுப் பம்பு வாங்கிப் பவர் பேங்க்கில் மாட்டினோம். எல்.ஈ.டி.யை மட்டும் பவர் பேங்க்கில் மாட்டிப் பார்த்தால் சற்று நேரத்தில் தானாக அணைந்துவிட்டது. பழுது என்று நினைத்தேன். பழுது இல்லை. பல பவர் பேங்க்குகள், மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் எதுவும் மாட்டப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். பம்பையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் ஓடும். இல்லையென்றால் மூன்று ஏஏ பெட்டரி, 4.5 வோல்ட், 1000 ஓம் தடையி. 1.3 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், வாரக்கணக்கில் எரியும். பெட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் தானாக மங்கும்.


மழைத்தூறல் (மஸ்கெலியா)

கடைசியாக ஒரு செய்தி. டைமர் வைத்து இன்றோடு ஆறு இரவு. ஒன்றரைக்குச் சிறு வெளிச்சம் வருகிறது. கணவரும் ஒரு மாற்றம் செய்துகொண்டார். எழுந்ததும் டியூப் லைட்டைப் போடாமல் அடுப்படி விளக்கைப் போடுகிறார், கதவிடுக்கு வழியாக வருகிற வெளிச்சத்திலேயே சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்கிறார். தேநீர் குடித்து முடித்து, கிளம்பும்போதுதான் தேவையென்றால் டியூப் லைட். நேற்று நான் விழித்தே இருந்து கேட்டேன். கண்ணாடியில் ஒரு சத்தமும் இல்லை.

மூடியின் இடைவெளியை பிளாஸ்டிக் வலையால் அடைத்துவிட்டோம், காற்றுக்குழாய்க்கு மட்டும் ஒரு துளை. மகள் இன்று காலையும் எண்ணினாள். பதினான்கு.

தம்பி, அந்தக் கொள்ளளவியை நானும் சேர்க்க வேண்டும். கடையில் 4700 ஓம் தடையி இன்னொன்று கேட்டால், எது என்று தெரியாமல் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். நிறக் கோடு எப்படி இருக்கும்?


தடையி (தலவாக்கலை)

மஞ்சள், ஊதா, சிவப்பு, கடைசியில் பொன்னிறம். மூன்றாவது கோடு செம்மஞ்சளாக இருந்தால் அது 47,000 ஓம், எடுக்க வேண்டாம். ஐந்து கோடு உள்ளது என்றால் படம் எடுத்துப் போடுங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்.